55 எதிரிகள், 3 பட்டன்கள்: பழைய ஆர்கேட் ஆட்டத்தை டிவி கேம் பெட்டியாக மீண்டும் உருவாக்குவது எப்படி?

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு 'டிவி கேம்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒயரை டிவிக்குப் பின்னால் செருகி, சேனலைத் தேடிப் பிடித்து, கேசட்டை ஒரு தடவை ஊதிப் போட்டால் ஆட்டம் வந்துவிடும். லாகின் கேட்காது, அப்டேட் கேட்காது. அதே மாதிரி ஒரு பெட்டியை, இன்றைய டிவியில் ஓடும்படி, உள்ளே இருக்கும் ஆட்டத்தையும் நீங்களே எழுதிச் செய்வதற்கான வழிகாட்டி இது. பைத்தானில் ஒரு லூப்பும் ஒரு ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

எதை முதலில் செய்வது?

புதிதாக வருகிற எல்லோரும் பேக்-மேனில்தான் கை வைப்பார்கள். வேண்டாம். பார்க்கச் சின்ன ஆட்டம், உள்ளே போனால் கடல். நாம்கோ 1980-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளிக் குறிவைக்கும். நீலம், சிவப்புப் பேயின் இடத்தையும் உங்கள் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் பின்வாங்கித் தன் மூலைக்கு ஓடும். இவை நடுநடுவே துரத்துவதை நிறுத்திக் கலைந்துபோகும். முதல் லெவலில் முதலில் 7 வினாடி கலைந்திருக்கும், பிறகு 20 வினாடி துரத்தும். இதில் ஒன்று தவறினாலும் ஆடிப் பழகியவர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது முயற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978-இல் ஜப்பானில் வெளிவந்தது. 5 வரிசையில் 11 எதிரிகள், மொத்தம் 55. கீழே ஒரு பீரங்கி, நடுவில் நான்கு கேடயச் சுவர்கள், எப்போதாவது மேலே ஒரு பறக்கும் தட்டு. இடது, வலது, சுடு என்று மூன்றே பட்டன்களில் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு மாதத்து வார இறுதிகளில் செய்து முடிக்கலாம். கற்றுக்கொள்வதற்கும் அதில் நிறைய இருக்கிறது.

எமுலேட்டர் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. 1997 முதல் வளர்ந்துவரும் மேம் எமுலேட்டர், பழைய ஆர்கேட் (கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) போர்டை அப்படியே பாவனை செய்கிறது. ஆனால் அதில் ஓட்ட மூல ஆட்டத்தின் ரோம் கோப்பு (அதன் சிப்பில் இருந்த புரோகிராமின் நகல்) வேண்டும், அது இன்னொருவர் சொத்து. புதிதாக எழுதினால் ஆட்டம் உங்கள் கையில் இருக்கும், அது எப்படி இயங்குகிறது என்பது நரம்பு நரம்பாகத் தெரியும்.

அதற்காக விதிகளை எடுத்துக்கொள்ளும்போது படங்களையும் பெயரையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். பேக்-மேனைப் போலவே இருந்த கே.சி. மன்ச்கின் என்ற ஆட்டத்தை ஃபிலிப்ஸ் தன் ஒடிசி 2 கருவிக்கு வெளியிட்டது. பேக்-மேனின் வீட்டுப் பதிப்பு உரிமையை வைத்திருந்த அடாரி வழக்குப் போட்டது. 1982-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அடாரி பக்கம் நின்றது. புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்பது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்தப் பாத்திரங்களின் தோற்றத்தை நகலெடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே எதிரிகளை நீங்களே வரையுங்கள், பெயரையும் நீங்களே வையுங்கள். நான் வண்டு, தேள், நண்டு என்று மூன்று வகை வரைந்துகொண்டேன். 8 பிக்சல் உயரத்தில் ஒரு தேளுக்குக் கொடுக்கு வைப்பது அலாதியான சந்தோஷம்.

எழுதும் முன் கவனிக்க வேண்டியது

என் முதல் பதிப்பை இரண்டு நாளில் எழுதிவிட்டேன். 55 எதிரிகளும் ஒரே நேரத்தில், ஒரே அடியாக, படை மாதிரி நகர்ந்தன. பார்க்க அழகாக இருந்தது. என் மாமா எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், அங்கே சம்பள நாளில் காசு போட்டு இதை ஆடியவர். ஊருக்கு வந்திருந்தபோது அவரிடம் கொடுத்தேன். நான்கு நிமிடம் ஆடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது அது இல்ல. கடைசில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கும் பாரு, அப்ப அது பேய் பிடிச்ச மாதிரி ஓடும். கை நடுங்கும். இதுல ஒண்ணும் நடுங்கலையே."

கையோடு போய்ப் படித்தேன். மூல ஆட்டம் ஓடியது ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 சிப்பில். மொத்தப் புரோகிராமும் 8 கிலோபைட். 55 உருவங்களையும் ஒரே ஃப்ரேமில் (திரை ஒருமுறை புதிதாக வரையப்படும் நேரத்தில்) அழித்து வரைய அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு எதிரியை மட்டும் நகர்த்தும். வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம் என்பதால், எல்லோரும் இருக்கும்போது முழுப்படையும் ஒரு அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு வினாடி ஆகிறது. பாதிப் பேர் செத்தால் அரை வினாடி. ஒன்றே ஒன்று மிஞ்சினால் அது வினாடிக்கு 60 அடி வைக்கும். மாமாவின் கையை நடுங்க வைத்தது இதுதான். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவதை நிஷிகாடோ கவனித்தார், சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் முழு நெருக்கடியும் அந்த முடிவிலிருந்து வந்தது.

ஆகவே படம் வரைவதற்கு முன்னால், மூல ஆட்டத்தின் பதிவு ஒன்றை எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். எது எத்தனை ஃப்ரேமுக்கு ஒருமுறை நகர்கிறது, எத்தனை பிக்சல் நகர்கிறது, எது எதை நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டிலிருந்து சில வரிகள்:

பீரங்கி ஒரு ஃப்ரேமுக்கு 1 பிக்சல் நகரும். அதன் குண்டு ஒரு ஃப்ரேமுக்கு 4 பிக்சல் பாயும், திரையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கலாம். எதிரி பக்கவாட்டில் 2 பிக்சல் வைத்து நகரும், ஓரம் தொட்டால் படையே 8 பிக்சல் இறங்கும். கடைசி ஒருவன் மட்டும் வலப்பக்கம் போகும்போது 3 பிக்சல் வைப்பான், இடப்பக்கம் வரும்போது 2 தான். எதிரிகளின் குண்டு மூன்று வகை: ஒன்று உங்களைக் குறிபார்த்து வரும், மற்ற இரண்டும் முன்பே எழுதி வைத்த பட்டியல்படி பத்திகளில் விழும். ஒரு எதிரி வெடிக்கும்போது சில ஃப்ரேம்கள் மொத்தப் படையும் அப்படியே நிற்கும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். சுட்டதும் படை ஒரு கணம் உறைவதால்தான் சுட்டது சுட்ட மாதிரி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஆட்டம் வழவழவென்று ஆகிவிடும்.

பழைய ஆட்டத்தைச் சின்னக் கருவிக்குக் கொண்டுவந்தவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்று பார்ப்பதும் நல்ல பயிற்சி. 1980-இல் அடாரி 2600-க்கு வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், ஆர்கேடிலிருந்து உரிமம் வாங்கி வீட்டுக் கருவிக்கு வந்த முதல் ஆட்டம். அந்தக் கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். 55 பேர் 36 பேராகக் குறைந்தார்கள். ஆனால் குறையக் குறைய வேகம் கூடுவதை விடவில்லை, மக்கள் கொண்டாடினார்கள். 2004-இல் வந்த அடாரி ஃப்ளாஷ்பேக் என்ற செருகி ஆடும் பெட்டி இதற்கு நேர் எதிர். பழைய ஆட்டங்களை வேறொரு சிப்புக்காக, நிண்டெண்டோ கருவியை ஒத்த ஒரு சிப்புக்காக, அவசரமாகத் திருப்பி எழுதினார்கள். ஆட்டம் அதே ஆட்டம்தான், ஆனால் கைக்கு வேறாக இருந்தது, ரசிகர்கள் குறைபட்டார்கள். மறு வருடமே மூலக் கருவியின் இயக்கத்தைச் சிப்பிலேயே மறுபடி கட்டி ஃப்ளாஷ்பேக் 2-ஐ வெளியிட வேண்டியதாயிற்று.

சாமான்கள்

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட் நினைவகம். இந்த வேலைக்கு எதேஷ்டம். ஊசி வரிசை ஏற்கெனவே பற்றவைத்த போர்டாகப் பார்த்து வாங்கினால் சால்டரிங் வேலை மிச்சம். கூடவே மைக்ரோ எஸ்டி கார்டு, மினி எச்டிஎம்ஐ கேபிள், 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து பவர் எடுக்கலாமே என்று தோன்றும். அதில் பல நேரம் போதுமான கரண்ட் வராது, ஆட்டம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். அடாப்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆர்கேட் பட்டன்கள், 30 மில்லிமீட்டர் அளவு. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அழுத்திப் பொருத்தும் வகை மெல்லிய தகட்டுக்குத்தான் நிற்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி செய்வதாக இருந்தால் மரையோடு வரும் வகையைக் கேளுங்கள்.

ஒயரிங் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. போர்டில் 9, 11, 13, 15 என்ற எண்ணுள்ள நான்கு ஊசிகளும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. 9 கிரவுண்டு. 11, 13, 15 மூன்றும் ஜிபிஐஓ (பட்டன் போன்றவற்றை இணைக்கும் ஊசிகள்) 17, 27, 22. மூன்று பட்டன்களின் ஒரு காலை ஒரே ஒயரில் கோத்து 9-இல் கொடுங்கள். மறுகால்களைத் தனித்தனியாக மற்ற மூன்றிலும் கொடுங்கள். முடிந்தது. எதிர்ப்பக்க மூலையில் 5 வோல்ட் ஊசிகள் இருக்கின்றன. அவற்றை எந்தக் காரணம் கொண்டும் பட்டனோடு இணைக்காதீர்கள். ஜிபிஐஓ ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட்தான், போர்டு போய்விடும்.

இன்னொரு வசதி: போர்டின் கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-கீ என்ற ஓவர்லேயை (ஊசியைக் கீபோர்டு பட்டனாக்கும் அமைப்பு வரியை) மூன்று முறை எழுதினால், மூன்று பட்டன்களும் கீபோர்டின் இடது அம்பு, வலது அம்பு, ஸ்பேஸ் பாராக மாறிவிடும். உங்கள் புரோகிராமுக்குப் பட்டன் எது, கீபோர்டு எது என்றே தெரியாது. லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதிச் சோதித்துவிட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் போர்டுக்கு நகர்த்தலாம்.

ஆட்டத்தை எழுதுவது

பைத்தானும், அதில் ஆட்டம் எழுத உதவும் பைகேம் நூலகமும் போதும். 224 பிக்சல் அகலம், 256 பிக்சல் உயரம் என்று ஒரு சின்னப் பரப்பை உருவாக்குங்கள். மூல ஆட்டத்தின் திரை அளவு அதுதான். எல்லாவற்றையும் அதில் மட்டும் வரையுங்கள், பெரிதாக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய பாடங்கள் எல்லாம் 'டெல்டா டைம்' பற்றிச் சொல்லித்தரும். போன ஃப்ரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதை வேகத்தோடு பெருக்கி நகர்த்து என்பார்கள். புது ஆட்டங்களுக்கு அது சரி. இங்கே அதைத் தொடாதீர்கள். பழைய ஆட்டம் கடிகாரத்தைப் பார்க்காது, ஃப்ரேமை எண்ணும். நீங்களும் எண்ணுங்கள். புரோகிராமின் அமைப்பு இப்படி இருக்கும்:

ஒவ்வொரு ஃப்ரேமிலும்:
— பட்டன்களைப் படி
— வெடிப்பு எதுவும் நடக்காவிட்டால், பட்டியலில் உயிரோடு இருக்கும் அடுத்த ஒரே ஒரு எதிரியை நகர்த்து
— பட்டியல் ஒரு சுற்று முடிந்ததா? யாராவது ஓரம் தொட்டிருந்தால், அடுத்த சுற்றில் 8 பிக்சல் இறங்கித் திசை மாறு
— பீரங்கியின் குண்டை 4 பிக்சல் மேலே ஏற்று
— எதிரிக் குண்டுகளில் இந்த ஃப்ரேமின் முறை யாருக்கோ அதை மட்டும் 4 பிக்சல் இறக்கு
— மோதல் பார்
— வரை

பட்டியலின் வரிசையை மாற்றாதீர்கள்: கீழ் வரிசை இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம், பிறகு மேல் வரிசை. அப்போதுதான் படை நகரும்போது அந்த அலை தெரியும், காற்றில் ஆடும் நெல்வயல் மாதிரி கீழிருந்து மேலாக. எதிரிக் குண்டுகள் மூன்றும் முறைவைத்து நகர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 3 ஃப்ரேமுக்கு ஒருமுறை வாய்ப்பு. எதிரிகள் 9-க்கும் கீழே குறைந்தால் அவை அடிக்கு 4-க்குப் பதில் 5 பிக்சல் இறங்கும்.

கேடயச் சுவர்களை ஒரு படமாக வைத்துக்கொண்டு 'மூன்று அடி தாங்கும்' என்று கணக்கு வைக்கத் தோன்றும். அது சுலபம், ஆனால் தப்பு. மூலத்தில் சுவர் என்பது திரையில் இருக்கும் பிக்சல்கள்தான். குண்டு பட்ட இடத்தில், வெடிப்பின் வடிவத்திலேயே பிக்சல்கள் அழியும். அதனால்தான் சுவருக்குள்ளேயே ஒரு துளை போட்டுக்கொண்டு அதன் வழியாகச் சுடுவது என்ற தந்திரம் பிறந்தது. பைகேமின் மாஸ்க் (எந்தப் பிக்சல் இருக்கிறது, எது இல்லை என்ற வரைபடம்) வசதி இதைப் பிக்சல் கணக்கில் செய்துதரும். சுவருக்கு 22க்கு 16 பிக்சல் மாஸ்க், வெடிப்புக்கு ஒரு மாஸ்க். மோதிய இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதும். எதிரிகள் கீழே இறங்கிச் சுவருக்குள் நடக்கும்போது அவர்களும் அதை அழித்துக்கொண்டே போகவேண்டும், மறக்காதீர்கள்.

மதிப்பெண்: கீழ் இரண்டு வரிசைக்கு 10, நடு இரண்டுக்கு 20, மேல் வரிசைக்கு 30. பறக்கும் தட்டு ஏறத்தாழ 25 வினாடிக்கு ஒருமுறை வரும், எதிரிகள் 8-க்கும் கீழே குறைந்துவிட்டால் வராது. அதன் மதிப்பு 50, 100, 150 அல்லது 300. இங்கே ரேண்டம் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். மூலத்தில் அது அதிர்ஷ்டமே இல்லை: நீங்கள் இதுவரை எத்தனை குண்டு சுட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 23-ஆவது குண்டு தட்டைத் தாக்கினால் 300. அதன்பின் ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300. தெரிந்தவர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவார்கள்.

திரையும் நிறமும்

பெரிதாக்கும்போது முழு எண்ணால் மட்டும் பெருக்குங்கள். 1080 கோடுள்ள டிவியில் 256-ஐ 4 மடங்காக்கினால் 1024. மேலும் கீழும் 28 கோடு கறுப்பாக மிஞ்சும், பிக்சல்கள் கூர்மையாக நிற்கும். மூன்றரை, நாலே கால் என்று இழுத்தால் சில பிக்சல் தடிமனாகவும் சில ஒல்லியாகவும் வந்து தேளின் ஒரு கால் வீங்கியிருக்கும். பைகேமின் ஸ்கேல்டு தேர்வு இந்த வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது, பிராசஸருக்குச் சுமை இல்லை. பழைய ஆர்கேட் திரை, பக்கவாட்டில் திருப்பிச் செங்குத்தாக நிறுத்திய சாதாரணத் திரைதான், அதில் பிக்சல்கள் சற்று ஒல்லியாகத் தெரியும், நம் படம் கொஞ்சம் அகலமாக இருக்கும். கூர்மைக்காக அந்த வித்தியாசத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

நிறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூல ஆட்டம் கறுப்பு வெள்ளை. திரையின் மேல் கலர் செலோபன் காகிதப் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். பீரங்கியும் சுவர்களும் இருக்கும் கீழ்ப்பகுதியில் பச்சை, தட்டு பறக்கும் மேல்பகுதியில் சிவப்பு. எனவே நிறம் பொருளுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். நீங்கள் சுட்ட குண்டு பச்சையாகக் கிளம்பி, வெள்ளையாகி, மேலே போகும்போது சிவப்பாகும். பைகேமில் எல்லாவற்றையும் வெள்ளையில் வரைந்துவிட்டு, கடைசியில் பச்சை, சிவப்புப் பட்டைகளைப் பெருக்கல் முறையில் மேலே போட்டால் இதே விளைவு வரும். ஆறே வரிகள். முதல்முறை குண்டு நிறம் மாறிப் போனதைப் பார்த்தபோது நான் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா சுட்டுக்கொண்டே இருந்தேன்.

டிவியில் 'கேம் மோடு' இருந்தால் அதைப் போடச் சொல்லிப் பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ் எழுத்து

இது எல்லா வழிகாட்டியிலும் இருக்காது, நமக்கு மட்டும் உள்ள சிக்கல். மூல ஆட்டத்தின் ஆங்கில எழுத்துகள் 8க்கு 8 கட்டத்தில் அடங்கிவிடும். நம்முடைய 'ண', 'ஞ', 'ஐ' அடங்காது. 12 பிக்சல் உயரத்துக்குக் கீழே போனால் 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். நான் 16 உயரம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது சிக்கல்: பைகேமின் சாதாரண எழுத்து வசதி, கொம்பையும் எழுத்தையும் சில நேரம் இடம் மாற்றிப் போட்டுவிடும். 'கெ' என்பது உடைந்து வரும். நூலகத்தோடு மல்லுக்கட்டாமல் 'மதிப்பெண்', 'ஆட்டம் முடிந்தது' போன்ற சில சொற்களையும் கையால் பிக்சல் பிக்சலாக வரைந்து படமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்களுக்குப் பத்துப் படம். வேலை ஒரு சாயங்காலம்தான்.

மூல ஆட்டத்தில் யாரும் ஆடாதபோது ஒரு சின்னக் காட்சி வரும். 'பிளே' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து தலைகீழாக இருக்கும், ஒரு எதிரி வந்து அதை இழுத்துக்கொண்டு போய் சரியானதைக் கொண்டுவரும். நான் என் ஆட்டத்தில் 'விளையடு' என்று எழுதினேன். தேள் ஒன்று ஓரத்திலிருந்து ஒரு துணைக்காலை இழுத்துக்கொண்டு வந்து 'ய'வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். என் அக்கா மகளுக்கு ஆட்டத்தைவிட இது பிடித்துப் போயிற்று.

ஒலி

பின்னணியில் இறங்கிக்கொண்டே போகும் நான்கு தாழ்ந்த சுரங்கள், அது ஓயாமல் சுற்றும், எதிரிகள் குறையக் குறைய வேகமாகும். இதயத் துடிப்பு போல. நான்கு சிறு ஒலிக் கோப்புகளும், மிச்சமுள்ளவர் எண்ணிக்கைக்கு இத்தனை ஃப்ரேம் இடைவெளி என்ற பட்டியலும் போதும். பைகேம் மிக்சரின் பஃபரை (ஒலி வெளியே போகும் முன் காத்திருக்கும் இடத்தை) குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சுட்ட சத்தம் தாமதமாக வரும். சில டிவிகள் எச்டிஎம்ஐ-யில் சத்தம் நின்று மறுபடி தொடங்கும்போது முதல் துணுக்கை விழுங்கிவிடும். ஓசையில்லாத ஒலி ஒன்றைப் பின்னால் ஓடவிட்டால் அது சரியாகும்.

பிடுங்கினாலும் சாகாத பெட்டி

போர்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பைப் போடுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், பைகேம் அது இல்லாமலே கேஎம்எஸ்டிஆர்எம் என்ற லினக்ஸ் வசதி வழியாக நேராகத் திரையில் வரையும். புரோகிராம்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி-யில் ஒரு சின்ன சர்வீஸ் கோப்பு எழுதிவிட்டால், பவர் வந்ததும் ஆட்டம் தானே தொடங்கும், நடுவில் நின்றுபோனால் தானே எழும்.

இப்போது புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு என் முதல் பெட்டியைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் இரண்டு நாள் ஆடினார்கள். மூன்றாம் நாள் காலையில் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், ஆட்டம் வரவே இல்லை. காரணம் எளிது: ஆடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், டிவி கேமை அப்படித்தானே அணைப்போம். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போனால் அதிலிருக்கும் கோப்புகள் சிதைந்துவிடும். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மருந்து ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. எல்லா வேலையும் முடிந்தபின் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள், பூட் பகுதியையும் எழுத முடியாதபடி பூட்டச் சொல்லுங்கள். அதன்பின் எழுதுவதெல்லாம் நினைவகத்தில்தான் நடக்கும், கார்டை யாரும் தொடமாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிறகு ஆட்டத்தைத் திருத்த நினைத்தால் முதலில் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்த திருத்தம் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். கூடவே அதிகபட்ச மதிப்பெண்ணும் தங்காது. அதற்கென்று கார்டில் ஒரு சின்னத் தனிப் பகுதி பிரித்து, ஆட்டம் முடியும்போது மட்டும் எழுதலாம். நான் செய்யவில்லை. மூல ஆர்கேடிலும் இரவு கடை சாத்திப் பவரை நிறுத்தினால் அது பூஜ்யத்துக்குத்தான் போகும்.

பெட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று: எச்டிஎம்ஐ கேபிளை நேராகப் போர்டில் செருகி வெளியே விடாதீர்கள். யாராவது கேபிளில் தடுக்கினால் போர்டின் சாக்கெட்டே பெயர்ந்துவிடும். உள்ளே ஒரு குட்டைக் கேபிள் வைத்து, அதன் மறுமுனையைப் பெட்டிச் சுவரில் திருகால் இறுக்குங்கள்.

சோதனை

எதிரிகள் கடைசி வரிசை வரை இறங்கி, உங்கள் தலைக்கு மேலேயே நிற்கும்வரை சுடாமல் காத்திருங்கள். மூல ஆட்டத்தில் அந்த உயரத்தில் அவர்களுடைய குண்டு உங்களைத் தாண்டிக் கீழே பிறப்பதால் உங்களைக் கொல்லாது. ஜப்பானில் இதை 'நகோயா சுடல்' என்று பெயர் வைத்து உத்தியாகவே ஆடினார்கள். உங்கள் பதிப்பிலும் அது தானாக நடந்தால், குண்டு பிறக்கும் இடத்தைச் சரியாக வைத்திருக்கிறீர்கள். பிறகு கடைசி ஒருவனை மட்டும் விட்டுவிட்டு ஓடவிடுங்கள். பிறகு, ஆடிப் பழகிய யாரிடமாவது பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

மாமா அடுத்த முறை வந்தபோது திருத்திய பெட்டியைக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. முதலில் இடப்பக்கச் சுவரில் ஒரு துளை போட்டார். பிறகு உதடு மட்டும் அசைந்தது: "இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு." சுடுவதை நிறுத்திவிட்டார். எதிரிகள் இறங்கிக்கொண்டே வந்தார்கள், அவர் ஓரத்தில் பதுங்கிக் காத்திருந்தார். தட்டின் ஊளைச் சத்தம் கேட்டதும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து ஒரே ஒரு முறை அழுத்தினார். குண்டு பச்சையாகக் கிளம்பிச் சிவப்பானது. 300.

"ம்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப சரி."